மகள் வாய் கொடுத்தாள், அக்கராஜே என் தலையில் விழுந்தது

பிரேசிலின் பாஹியா மாநிலத்துச் சால்வடோரில் குடியிருந்தவரை, அக்கராஜே என்கிற அந்த ஊர்ப் பயறு வடையை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஊரில் பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது. பொழுது சாயும் நேரத்தில் வெளியே கிளம்பினால் போதும், வெள்ளைப் பாவாடை விரித்து, தலையில் வெள்ளைத் துணி சுற்றி, கழுத்தில் மணிமாலைகளோடு, பையானா என்று அழைக்கப்படும் அக்கராஜேக்காரப் பெண் ஒருவர் எங்காவது கடை போட்டிருப்பார். அகன்ற சட்டியில் செக்கச்செவேல் என்று செம்பனை எண்ணெய் கொதிக்கும். தோல் நீக்கிய பயறும் வெங்காயமும் உப்பும் மட்டும் சேர்ந்த மாவை மரக்கரண்டியால் அள்ளிப் போடுவார். பொரிந்ததும் எடுத்து வயிற்றைக் கீறி, வத்தப்பா என்கிற முந்திரி, தேங்காய்ப்பால், இறால் கலவையைத் தடவி, கருரு என்கிற வெண்டைக்காய்க் கலவையும் தக்காளியும் உலர்ந்த இறாலும் அடைத்துக் காகிதத்தில் கொடுப்பார். காசு கொடுத்தோம், தின்றோம், கையைத் துடைத்தோம். அவ்வளவுதான் எனக்கும் அக்கராஜேக்கும் இருந்த உறவு.

பிறகு வீட்டுக்காரருக்குத் தெற்கே குரிச்சிபாவுக்கு மாற்றல் ஆனது. பிரேசில் என்றால் கடற்கரையும் வெயிலும் என்று நினைத்திருப்பவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் இந்த ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமைப்போம். ஆகஸ்ட் 22 இங்கே நாட்டார் கலைகளுக்கான நாள். மகளின் பள்ளியில் அதை ஒட்டி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மாநிலத்தின் சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். "நான் பாஹியாவில் இருந்தவள், எங்கம்மா அக்கராஜே செய்வாங்க" என்று இவள் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். டீச்சரும் மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். வகுப்பு முழுவதற்கும் வேண்டும், கையில் இரண்டு வாரம் இருந்தது. குரிச்சிபாவில் பாஹியாக்காரர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாட்டை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பணமும் ஒரு மிக்சியும் மிஞ்சியிருக்கும்.

முதலில் பயறு. இது நமக்குத் தெரிந்த பயறுதான். எங்கள் கோபிப் பக்கம் தட்டைப்பயறு, சென்னைக்காரர்களுக்குக் காராமணி. வெள்ளையாக, நடுவில் கறுப்புக் கண்ணோடு இருக்குமே, அந்த வகைதான் வேண்டும்; சிவப்புக் காராமணி ஆகாது. இங்கே எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் ஃபெய்ஜாவ் ஃப்ரட்ஜீன்யோ என்ற பெயரில் கிடைக்கிறது, விலையும் குறைவு. தொல்லை தோலில்தான். அம்மாவுக்குப் போன் போட்டால், "ஏங்கண்ணு, தட்டப்பயித்துல போயி வடை சுடுவாங்களா?" என்று சிரித்துவிட்டு, "ராத்திரியே ஊறப் போட்டு, காலைல தேச்சா தோலு வந்துரும்" என்றார். வந்தது. ஆனால் ஒவ்வொரு பயறாக வந்தது. அரைக்கிலோவுக்குள் என் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், கறுப்புக் கண்கள் மட்டும் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணும் போயாக வேண்டும். தோலும் கண்ணும் தங்கினால் மாவு சாம்பல் நிறமாகிறது, பொரித்தால் கனமாக உட்கார்ந்துவிடுகிறது.

இதற்கு வழி ஊற வைக்கும் முன்பே இருக்கிறது. காய்ந்த பயறை மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு மூன்றாக உடைத்துக்கொள்ள வேண்டும். மாவாகிவிடக் கூடாது. சலித்துப் புடைத்துப் பொடியை நீக்கிவிட்டு அதன்பிறகு ஊறப் போட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் தோல் தானாகக் கழன்று மேலே மிதக்கும். நிறைய தண்ணீர் விட்டு அலசி அலசிச் சாய்த்தால் போய்விடும். சால்வடோரில் சாவ் ஜோவாக்கிம் சந்தைக்குப் போனால் இப்படி உடைத்த பயறே மூட்டையில் கிடைக்கும். அதைக் கடந்து எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. வெயில் ஊரில் இரவு முழுக்க ஊற வைக்காதீர்கள், புளித்துவிடும். இது புளிக்க வேண்டிய மாவு இல்லை.

அடுத்தது அரைப்பது. இங்கே என் மிக்சி போனது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி 230 வோல்ட். எங்கள் வீட்டுச் சாக்கெட்டில் வருவது 127. வோல்டேஜ் கன்வெர்ட்டர் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், சட்னிக்கு அது தாங்கியது. தண்ணீரில்லாமல் பயறை அரைக்கச் சொன்னதும் முனகி முனகிப் புகைந்து நின்றது. ரிப்பேர் கடைக்காரர் மோட்டாரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன்பின் வாங்கியது இந்த ஊர் ஜூஸ் அடிக்கும் மிக்சி. உயரமான ஜாடி, அடியில் சின்ன பிளேடு. கெட்டியான பயறை அதில் போட்டால் பிளேடு மட்டும் காற்றில் சுற்றும், பயறு மேலேயே நிற்கும். தண்ணீர் விட்டால்தான் சுற்றுகிறது. வலையில் பார்த்த குறிப்புகளில் பாதி "தேவையான தண்ணீர் விட்டு" என்றன. விட்டேன். மாவு வழவழவென்று அழகாக வந்தது. எண்ணெயில் போட்டதும் பரவித் தட்டையாகி, எண்ணெயைக் குடித்து, அடையாகவும் இல்லாமல் வடையாகவும் இல்லாமல் ஏதோ ஒன்றாக வெளியே வந்தது. கோதுமை மாவு போட்டுக் கெட்டியாக்கிப் பார்த்தேன். ரொட்டி மாதிரி ஆனது. ரெடிமேட் பொடி ஒரு பாக்கெட் வாங்கிக் கரைத்துப் பார்த்ததில் மணல் கடிப்பது போல இருந்தது. இதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

பொறுக்க முடியாமல் சால்வடோரில் எங்கள் தெருமுனையில் கடை போட்டிருந்த அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நம்பர் இருந்தது நல்லதாகப் போயிற்று. ராத்திரி கடையைக் கட்டிய பிறகு பதில் வந்தது. "மகளே, தண்ணி ஊத்தினியா? ஊத்தாதே. வெங்காயத்துல இருக்கிற தண்ணியே அதிகம். அரைச்சதும் அடிச்சியா?" இல்லை என்றேன். "அப்புறம் எப்படி வரும்? அடி. கை வலிக்கும். வலிச்ச பிறகும் அடி." இந்த நாலு வரியில்தான் அக்கராஜே முழுக்க இருக்கிறது. எந்தக் குறிப்பிலும் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

நம்மைப் போல மெதுவடை சுட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. உளுந்தில் அந்த வழவழப்பு இருக்கிறது. கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டும்போதே காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்கிவிடும். தட்டைப்பயற்றில் அந்தப் பசை கிடையாது. அரைக்கும்போது அது வெறும் விழுதுதான். அரைத்து முடித்த பிறகு நாம்தான் அடித்துக் காற்றை ஏற்ற வேண்டும். அதனால் அரைப்பதற்கும் அடிப்பதற்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஊறிய பயறை வடிதட்டில் அரை மணி நேரமாவது வடிய விடுங்கள், துணியில் ஒற்றினால் இன்னும் நல்லது. அகலமான, அடிவரை பிளேடு வரும் ஃபுட் பிராசஸர் இருந்தால் தண்ணீரே இல்லாமல் அரைபடும். நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். நம் ஊரில் இருப்பவர்களுக்குக் கிரைண்டர் இருக்கிறது, கவலையே இல்லை. அரைக்கிலோ பயறுக்கு நடுத்தர வெங்காயம் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதைத் தனியாக அரைத்து, கையால் பிழிந்து நீரை எடுத்துவிட்டு வையுங்கள். உப்பை முன்னாலேயே போட்டால் வெங்காயம் தண்ணீர் விடும், அடிக்கத் தொடங்கும்போதுதான் போட வேண்டும்.

அடிப்பது என்றால் அகலமான பாத்திரத்தில், மரக்கரண்டியால், ஒரே பக்கமாக, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கி அடிப்பது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. அங்கேதான் பலரும் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதன்பிறகு மாவின் நிறம் மெல்ல வெளுக்கும், கரண்டிக்குக் கனம் குறையும், பாத்திரத்தில் மாவு உயர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி போட்டு மிதந்தால் சரி. இந்தச் சோதனை மட்டும் வடைக்கும் இதற்கும் பொது. எனக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது, தோள்பட்டை கழன்றுவிட்டது போலிருந்தது. கேக் மாவு அடிக்கும் ஸ்டாண்ட் மிக்சர் வைத்திருப்பவர்கள் அதிலேயே அடிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பேக்கிங் பவுடர், சோடா, முட்டை எதுவும் வேண்டாம். சால்வடோரில் இதைத் தினமும் பெரிய பாத்திரம் பாத்திரமாகச் செய்கிறார்கள். முன்பெல்லாம் பயறையும் கல்லில் வைத்துக் கையாலேயே அரைத்திருக்கிறார்கள். 2004ல் பிரேசிலின் மரபுச் செல்வங்களைக் காக்கும் அமைப்பான இஃபான், அக்கராஜே என்ற பலகாரத்தையல்ல, அதைச் செய்து விற்கும் பையானாக்களின் தொழிலைத்தான் தேசிய மரபாக ஏற்றது. முன்பு படித்தபோது ஏதோ அலுவலகப் பேச்சு என்று தள்ளியிருந்தேன். கை வீங்கி உட்கார்ந்திருந்தபோது, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று பட்டது.

அந்தப் பெண்களின் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. பயறை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரிப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுடைய வழக்கம். நைஜீரியாவில் இன்றும் அக்கரா என்று காலைச் சாப்பாடாகத் தின்கிறார்கள். அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களோடு அது பாஹியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்க வேர்கொண்ட கந்தோம்ப்ளே வழிபாட்டில் காற்றுக்கும் புயலுக்கும் உரிய தெய்வமான இயன்சானுக்கு அக்கராஜே படையல். பெண்கள் அதைத் தெருவில் கூடையில் சுமந்து விற்றார்கள். வருமானத்தில் ஒரு பங்கு எசமானர்களுக்குப் போனது, மிச்சத்தைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. 1888ல் அடிமை முறை ஒழிந்த பிறகும் குடும்பங்களைக் காப்பாற்றியது இந்தச் சட்டிதான். மகளுக்குப் பள்ளியில் பேச இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இனி எண்ணெய். பணம் போனது இங்கேதான். தெந்தே என்கிற அந்தச் செம்பனை எண்ணெய் சால்வடோரில் லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். குரிச்சிபாவில் 200 மில்லி கண்ணாடிக் குப்பிகளில், ஏதோ வாசனைத் திரவியம் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். பொரிக்க ஒரு லிட்டராவது வேண்டும். நெட்டில் ஒரு கடையில் பெரிய கேன் மலிவாகப் பார்த்து வாங்கினேன். திறந்ததும் பழைய சோப்பு வாடை. லேபிளைத் திருப்பிப் படித்தால் பாதிக்கு மேல் சோயா எண்ணெய், மேலுக்கு நிறம். கேட்டதற்குத் திறந்த கேனைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். ஆக, பொருள் பட்டியலில் தெந்தே ஒன்றுதான் இருக்க வேண்டும், தயாரித்த தேதி பார்க்க வேண்டும், நல்ல தெந்தேயின் மணம் பூவும் மண்ணும் கலந்தது போல இருக்குமே தவிர மூக்கைக் குத்தாது. சோயா எண்ணெய் கலப்பது பாவம் ஒன்றுமில்லை, வீட்டில் செய்பவர்கள் பலரும் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். நாமே கலந்துகொண்டால் காசு மிச்சம். நானும் கடைசியில் நல்ல குப்பிகளை வாங்கி அப்படித்தான் செய்தேன். குளிரில் குப்பிக்குள் உறைந்து நிற்கும், அது கெட்டுப்போனதல்ல; வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். அடியில் தங்கும் கெட்டியைப் பொரிக்கச் சேர்க்காமல் தெளிந்ததை மட்டும் ஊற்றினால் சீக்கிரம் கருகாது. கெட்டி வத்தப்பாவுக்கு ஆகும்.

காயும் எண்ணெயில் ஒரு சின்ன வெங்காயத்தை முழுசாகப் போடுவது பையானாக்களின் வழக்கம். அதைச் சுற்றிக் குமிழி வந்து சடசடக்கத் தொடங்கினால் சூடு சரி. எண்ணெய் சட்டெனக் கருகாமலும் அது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். எண்ணெய் புகைந்தால் உடனே தணலைக் குறையுங்கள். சுடச்சுட அதிகமாகக் காய்ந்தால் மேலே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும், காய்ச்சல் போதாவிட்டால் எண்ணெய் குடிக்கும். தெருவில் விற்கும் கைப்பிடி அளவு வேண்டாம், பிள்ளைகள் வாயளவுக்குச் சின்னதாகப் போட்டால் உள்ளே வேகுமா என்ற கவலை இல்லை. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே உருட்டி விடுங்கள். ஒவ்வொரு ஈடுக்கும் முன்னால் மாவை மறுபடி நாலு தட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி ஈடு கல்லாகிவிடும். வெளியே செம்பழுப்பு, பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் துளைத்துளையாக இருந்தது அன்று. நின்றபடியே ரெண்டைத் தின்றேன்.

வத்தப்பா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊறிய ரொட்டி, முந்திரி, வேர்க்கடலை, தேங்காய்ப்பால், இஞ்சி, உலர்ந்த இறால், தெந்தே. அரைத்து, அடி பிடிக்காமல் கிண்டத் தெரிந்தால் போதும். இறாலை ஊர் மார்க்கெட்டில் வாங்கினேன். உப்பு அதிகம், கழுவித் தலையைக் கிள்ளிவிடுங்கள். சைவக்காரர்களுக்கு ஒன்று: மாவில் அசைவம் எதுவும் இல்லை, அக்கராஜேயைச் சாலட்டோடு தாராளமாகச் சாப்பிடலாம். வத்தப்பாவிலும் கருருவிலும் இறால் உண்டு, கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

பள்ளி நாளன்று விடியற்காலையில் பொரித்து, டப்பாவில் அடுக்கி மூடி எடுத்துப் போனேன். பதினோரு மணிக்குத் திறந்தால் எல்லாம் வியர்த்துத் தொளதொளத்துப் போயிருந்தன. மூடவே கூடாது, கம்பித் தட்டில் ஆறவிட்டுக் காகிதம் போர்த்தி எடுத்துப்போக வேண்டும். நல்லவேளை, கேன்டீனில் இருந்த ஓவனில் சிறிது நேரம் வைத்ததும் மேல்தோல் மறுபடி முறுகியது. பிள்ளைகளில் பாதிப்பேர் வாசனைக்கே மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அழுகையே வந்தது, மறைப்பானேன். ஆனால் வாசலில் இருந்த காவலாளி பாஹியாக்காரர், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. அவர் தட்டோடு ஒதுங்கிப் போய்த் தின்றுவிட்டு வந்து, "காரம் போதாது, மற்றபடி பொரியல் சரி" என்றார். அந்தச் சான்றிதழ் எனக்குப் போதும்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பங்கரைச் சுவர், பிளாஸ்டிக் டப்பா, என் ஸ்வெட்டர் எல்லாம் ஆரஞ்சு நிறம். மஞ்சள் கறையைப் போலவே இதையும் வெயில்தான் தின்னும்; சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப் போட்டால் நாளாக ஆக மங்கும். இந்த ஊரில் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய வேலையை வீட்டுக்காரர் வைத்திருந்தார். எனக்கு உதவுவதாக நினைத்து மிச்ச எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றிவிட்டார். அது குளிரில் குழாய்க்குள் மெழுகாக உறைந்துபோய், பிளம்பர் வந்து குழாயைக் கழற்றும்படி ஆனது. ஆறிய எண்ணெயைப் பாட்டிலில் பிடித்து வைத்தால் மாநகராட்சிக்காரர்களே வாங்கிக்கொண்டு காய்கறி தருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மிக்சி, வீணான கேன், நல்ல தெந்தே, இறால், பிளம்பர் என்று கூட்டிப் பார்த்தால் 600 ரியாய்ஸுக்கு மேல், நம் காசில் ஏறக்குறைய 10,000 ரூபாய்.

அடித்த மாவு மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்காதீர்கள், காற்றெல்லாம் இறங்கி நீர் விட்டுவிடும். அதில் கொஞ்சம் தெந்தேயும் பொடித்த இறாலும் கலந்து, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைத்தால் அதற்கு அபரா என்று பெயர், பையானாக்களின் தட்டில் அக்கராஜேக்குப் பக்கத்திலேயே இருக்கும். எண்ணெய்ச் செலவு இல்லை. எனக்கு வாழையிலை கிடைக்கவில்லை, இட்லித் தட்டில் ஊற்றினேன், நன்றாகவே வந்தது. முன்கூட்டியே செய்து வைக்க நினைப்பவர்கள் வெங்காயமும் உப்பும் சேர்க்காத வெறும் பயறு விழுதை ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்து, முழுசாகக் குளிர் விட்ட பிறகு அடிக்கத் தொடங்குங்கள்.